எடைமேடைத் தெருவில் பறந்த ரொட்டிகள்

எடைமேடைத் தெருவில் முதல் ரொட்டி பறந்தபோது உச்சி வெயில், அதைப் பார்த்த யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் அது சாப்பாட்டு நேரம், சாப்பாட்டு நேரத்தில் எங்கள் தெருக்காரர்கள் எதைப் பார்த்தாலும் அது தின்னக்கூடியதா இல்லையா என்று மட்டும்தான் யோசிப்பார்கள். தனவேல் வீட்டு அடுப்படி ஜன்னல் வழியாக அது வெளியே வந்தது, மஞ்சளாக, வட்டமாக, நன்றாக உப்பி, முதுகில் கருகல் புள்ளிகளோடு. வேப்ப மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கேபிள் ஒயருக்குக் கீழே குனிந்து, தையல்காரி மும்தாஜ் மடியில் விரித்து வைத்திருந்த ஜாக்கெட் துணிமேல் போய் உட்கார்ந்தது. துணியில் எண்ணெய் பட்டுவிட்டதா என்றுதான் மும்தாஜ் முதலில் பார்த்தாள். படவில்லை. பிறகு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு மிஷினை மிதித்தாள்.

கொஞ்சம் முன்னால்தான் மோர்ச் சொம்போடு அந்தப் பக்கம் போன கோகிலம், தனவேலின் மனைவி, நடை நிற்காமலே "மும்தாஜு, சாப்டியா?" என்று கேட்டிருந்தாள். மும்தாஜும் "ஆச்சுக்கா" என்றிருந்தாள். ஆகவில்லை. கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன, காலையில் குடித்த டீயோடு சரி. ஆனால் எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. சாப்பிட்டவரும் ஆச்சு என்பார், சாப்பிடாதவரும் ஆச்சு என்பார், அடுப்பே பற்றவைக்காத வீட்டிலிருந்து வருகிறவர் இன்னும் கொஞ்சம் அழுத்தி ஆச்சு என்பார். இல்லை என்று சொல்லிவிட்டால் கேட்டவர் தட்டு வைக்க வேண்டிவரும், அவர் வீட்டுப் பானையில் என்ன இருக்கிறதோ என்ன இல்லையோ, அந்தச் சங்கடத்தை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பது எங்களுக்குப் பால் குடிக்கும்போதே வந்துவிட்ட மரியாதை.

பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் மக்காச்சோளம் விளையும் அளவுக்கு வேறெதுவும் விளைவதில்லை, விளைவதையெல்லாம் நாங்கள் தின்பதும் இல்லை, லாரி லாரியாக நாமக்கல் கோழிகளுக்கு அனுப்பிவிட்டு ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்பவர்கள் நாங்கள். அந்த லாரிகள் ஏறி நின்று எடை பார்த்துக்கொண்டு போகும் இரும்பு மேடை தெருக்கோடியில் இருக்கிறது, தெருவுக்குப் பெயரும் அதனால்தான். தனவேல் தலை நரைக்கும் வரை அந்த மேடையின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து எடை போட்டவர். டயர் அமுங்கியிருக்கும் விதத்தைப் பார்த்தே லாரியின் பாரத்தைச் சொல்லிவிடுவார், மெஷின் பிறகு வந்து ஆமாம் போடும். அத்தனை கூர்மையான கண். அந்தக் கண்ணுக்குத் தன் வீட்டுக்குள் நடமாடும் ஒரு உருவம் மாதாமாதம் இளைத்துக்கொண்டு வருவது தெரியவில்லை என்றால் நம்புவீர்களா? நாங்கள் நம்புகிறோம், ஏனென்றால் எங்கள் கண்ணுக்கும் தெரியவில்லை.

கோகிலத்துக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னது தனவேல் வேலையிலிருந்து நின்ற வருஷம். சோற்றைக் குறைங்க, மாவுப் பண்டத்தைக் குறைங்க, காயும் முட்டையும் பயறுமாகச் சாப்பிடுங்க, சாப்பிடாமல் மட்டும் மாத்திரை போட்டுவிடாதீங்க, மயக்கம் வந்து ஆளையே சாய்த்துவிடும் என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். கோகிலம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தாள். மற்றவர்களுக்குச் சோறு வடித்துவிட்டுத் தன் ஒரு வயிற்றுக்காகத் தனியாக ஒரு சட்டி ஏற்றுவது என்பது அவளுக்கு ஏதோ நகைக்கடைக்குப் போய்த் தனக்குத்தானே வளையல் வாங்கிக்கொள்வதுபோலக் கூச்சமாக இருந்தது. சோறு கூடாது, தனியாகச் செய்துகொள்ளக் கூச்சம். ஆகவே அவள் கண்டுபிடித்த வழி மிகச் சுலபமானது. சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். ஏதோ ஒரு வாய் மோர், ஒரு வெள்ளரித் துண்டு, வந்தவர் மிச்சம் வைத்த சுண்டல், அவ்வளவுதான், மாத்திரை மட்டும் வேளை தவறவில்லை.

அவர்கள் மகள் எழில், மெக்சிகோவில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவனோடு இருப்பவள், அம்மாவுக்குச் சர்க்கரை என்று கேட்டதும் போனில் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். நமக்குக் காலை என்றால் அங்கே இருட்டிவிட்டிருக்கும், அவள் இரவுச் சாப்பாடு செய்யும் நேரமும் தனவேல் பேப்பர் படிக்கும் நேரமும் ஒன்று.

"அப்பா, நம்மூரு கோழித் தீவனத்தை இங்க ராஜா மாதிரி வச்சு சாப்பிடுறாங்க. நீங்க சும்மாதான இருக்கீங்க, அடுப்படிக்குப் போங்க. நான் சொல்லச் சொல்லச் செய்ங்க. அம்மாவுக்குச் சோள ரொட்டி ஒண்ணு போதும், மத்ததெல்லாம் முட்டைக்கோஸ் இலையில மடிச்சுக் குடுங்க. அம்மா செஞ்சுக்க மாட்டாங்க, எனக்குத் தெரியும்."

"எனக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாதேம்மா."

"அதத்தான் மொதல்ல வைக்கப் போறீங்க."

இப்படித்தான் தனவேல் அடுப்படிக்குள் நுழைந்தார், மனைவியைக் காப்பாற்ற வேண்டும் என்று, அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. முதலில் சோளத்தை அப்படியே அரைத்துத் தட்டினார், கல்லில் போட்டதும் அது வெயிலில் காய்ந்த களிமண்போல வெடித்து உதிர்ந்தது. வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் ஆகாது, சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து இரவெல்லாம் ஊறவிட வேண்டும், தோல் அப்போதுதான் கழன்று வரும், மாவு அப்போதுதான் ஒட்டும் என்றாள் மகள். தனவேல் வெற்றிலைக் கடைக்குப் போய்ச் சுண்ணாம்பு கேட்டார். எவ்வளவு என்று கேட்ட கடைக்காரரிடம் ஒரு டப்பா நிறைய என்றார். வாய் வெந்துபோகுமேண்ணே என்று கடைக்காரர் அன்று முழுக்கச் சிரித்ததும், அந்தச் சுண்ணாம்பில் வெந்த சோளம் மறுநாள் கிரைண்டரில் வெண்ணெயாக இறங்கியதும், தெருவே வந்து மாவைத் தொட்டுப் பார்த்ததும் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. உருண்டையைக் கழுவிய இரண்டு பால் கவருக்கு நடுவில் வைத்து, எடைமேடைக்கு முந்தைய காலத்துத் தராசின் ஐந்து கிலோ இரும்புக் கல்லை அதன்மேல் வைத்து ஒரு அழுத்து. கவரை உரித்தால் நிலாவட்டம். தோசைக்கல்லில் போட்டு, திருப்பி, மறுபடி திருப்பினால் உப்பும். உப்பியது கல்லைவிட்டு எழும்பியது, எழும்பியது ஜன்னலைப் பார்த்தது, மற்றதுதான் முதலிலேயே சொல்லிவிட்டோமே.

பறக்கிறதே என்று யாரும் கோயிலுக்குச் சூடம் வாங்கிக்கொண்டு ஓடவில்லை. எங்கள் தெரு எதையும் இரண்டு மூன்று நாளில் பழகிக்கொள்ளும். கேபிள்காரரைக் கூப்பிட்டு ஒயரை மேலே ஏற்றிக் கட்டச் சொன்னோம். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தவர்கள் ஒரு தட்டு அகலத்துக்கு அதை வெட்டிவிட்டார்கள். காக்கைகள் முதல் வாரம் துரத்திப் பார்த்துவிட்டு, ரொட்டி தங்களைவிட நன்றாகத் திரும்புகிறது என்று தெரிந்ததும் ரோஷத்தில் விலகிக்கொண்டன. தபால்காரர் அமிர்தராஜ் தெருவுக்குள் சைக்கிளில் வரும்போது வீட்டுக்கு வீடு "சாப்டீங்களா சார்" என்று கேட்பார்கள், அவரும் வீட்டுக்கு வீடு "ஆச்சுங்க" என்பார், வீட்டுக்கு ஒரு ரொட்டியாக அவர் பின்னால் வரிசை கட்டிப் பறக்கும், அவர் எடைமேடை நிழலில் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்துச் சலித்துக்கொண்டு கையை நீட்டுவார்.

வெறும் ரொட்டியோடும் நிற்கவில்லை. மகள் சொல்லச் சொல்லத் தனவேலின் கை தேறிக்கொண்டே போனது. தக்காளியையும் பச்சை மிளகாயையும் வெங்காயத்தையும் தணலில் சுட்டு, கொத்தமல்லியும் எலுமிச்சம்பழமும் சேர்த்து அம்மியில் நசுக்கி ஒரு துவையல். காராமணியைக் குழைய வேகவைத்து, பூண்டோடு மசித்து ஒரு தொக்கு. சீரகமும் வரமிளகாயும் அரைத்துப் பிரட்டிய கோழியை நார் நாராகப் பிய்த்து ஒரு வறுவல். ஜூஸ் கடையில் சர்க்கரை கொட்டி அடித்துக்கொடுக்கும் பட்டர் ஃப்ரூட்டை உப்பும் மிளகாயும் போட்டுப் பிசைந்தபோது மட்டும் தெரு கொஞ்சம் முகம் சுளித்தது, பிறகு அதற்கும் பழகிவிட்டது. ரொட்டிகள் இவற்றையெல்லாம் வயிற்றுக்குள் மடித்து வைத்துக்கொண்டு பறந்தன, சிந்தாமல், சிதறாமல்.

எங்களுக்கு மானம் போன நாட்களும் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு ஆச்சு ஆச்சு என்று காலம் தள்ளியவர்கள் வீட்டு வாசலில் ரொட்டி வந்து மூடிய ஜன்னலில் மெல்ல மெல்ல முட்டிக்கொண்டிருக்கும், போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள், உள்ளே இருப்பவருக்கு உயிர் போகும். புருஷனும் பெண்டாட்டியும் சண்டைபோட்டு இருவரும் பட்டினி கிடந்த வீட்டுக்கு இரண்டு ரொட்டி போய், ஒன்று வாசல் வழியாகவும் ஒன்று கொல்லை வழியாகவும் நுழைந்ததில் தெருவுக்கே சண்டை தெரிந்தது. காலேஜுக்குப் போகும் ஹரிணி, பெண் பார்க்க வருவதற்குள் இளைத்துவிட வேண்டும் என்று அம்மாவிடம் ஆச்சு சொல்லிவிட்டு மொட்டை மாடியில் ஒளிந்திருந்தவள், தன்னைத் தேடி வந்த சோள ரொட்டியைப் பார்த்து அழுதாள். தனவேல் அவளுக்காக முட்டையை அடித்து, ஆளி விதைப் பொடி கலந்து, துணி கனத்துக்கு மெலிதாக ஒரு ரொட்டி சுட்டார், மாவே கிடையாது. அதுவும் பறந்தது, என்ன, ஈரத் துணி காற்றில் போவதுபோலத் தொய்ந்து தொய்ந்து பறந்தது. பிறகு சர்க்கரைக்காரர்கள் எல்லோருக்கும் அந்த முட்டை ரொட்டிதான், துருவிய காலிஃபிளவரை எண்ணெயில் பிரட்டிய பொய்ச் சோறுதான். ஒருநாள் ஒரு லாரி கிளீனர் நேராக வாசலுக்கு வந்து "பசிக்குதுங்க" என்றான். கல்லில் இருந்த ரொட்டி அசையவே இல்லை. தனவேல் கையால் எடுத்துக் கொடுத்தார். அது ஏன் பறக்கவில்லை என்று அப்போது நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நாலடி தூரத்துக்கு எதற்குப் பறக்கவேண்டும் என்று விட்டுவிட்டோம்.

பசித்த வயிறு எங்கே இருக்கிறதோ அங்கே ரொட்டி போகிறது, இதுதான் நாங்கள் கண்ட சட்டம். அந்தச் சட்டத்தை வைத்துத்தான் தனவேல் நிம்மதியாக இருந்தார். தினமும் முட்டைக்கோஸ் இலையை வெந்நீரில் முக்கி எடுத்து, காராமணித் தொக்கும் கோழியும் வைத்து மடித்து, கோகிலத்துக்கென்று ஒரு தட்டில் மூடி வைத்துவிடுவார். அது பறந்ததே இல்லை. இலை உப்பாது, உப்பாதது எப்படிப் பறக்கும். கல்லில் உப்புகிற சோள ரொட்டிகளும் ஒருநாளும் அவளிடம் போனதில்லை, பக்கத்திலேயே நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள், அவள் தலைக்குமேல் மிதந்து ஜன்னலுக்குப் போய்விடும். பிறகென்ன, வயிறு நிறைந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். சாயங்காலம் பார்த்தால் தட்டும் காலியாக இருக்கும். அந்த இலைப் பொட்டலம் கதவைத் தட்டிய ஆட்களுக்கு, கீரைக்காரிக்கு, காஸ் சிலிண்டர் போடுகிறவருக்கு, "இந்தாங்க, அவரு செஞ்சது" என்று பெருமையாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. பெருமை நிஜம். பட்டினியும் நிஜம்.

ஒரே ஒரு குழப்பம் மட்டும் இருந்தது. காலையில் எழில் போனில் வருவாள், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், "அம்மா சாப்டாங்களாப்பா?" என்பாள், தனவேல் ரொட்டியைத் திருப்பிக்கொண்டே "ஆச்சும்மா" என்பார். உடனே கல்லில் இருக்கிற ரொட்டி எழும்பி நேராக அவர் முகத்துக்கே வந்து கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். அவரோ அப்போதுதான் நாலு ரொட்டியைத் தொக்கோடு உள்ளே தள்ளிவிட்டு ஏப்பம் விட்டிருப்பார். ஒருநாள் இல்லை, மகள் கேட்கிற நாளெல்லாம் இதே கதை. கன்னம் சிவந்துபோன மனிதரைத் தெரு பாடாய்ப்படுத்தியது.

"அண்ணனுக்கு இன்னும் பசி அடங்கலபோல" என்றாள் மும்தாஜ்.

"ரொட்டிக்குச் சுண்ணாம்பு ஏறிப்போயி கிறுகிறுப்பு வந்துருச்சு, வேறொண்ணுமில்ல" என்றார் வெற்றிலைக் கடைக்காரர்.

தனவேல் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அந்த ரொட்டியையும் தின்று வைத்தார். புகழ் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது, பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து ஜன்னலோரம் நின்று பார்த்தார்கள், கன்னத்தில் விழுகிற ஒரு ரொட்டியைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. யாருக்காக அடுப்படிக்குள் போனாரோ அவளை மறந்தே போனார். இதைச் சொல்ல எங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு பிற்பகல், தனவேல் பழைய பழக்கத்தில் எடைமேடையின் கண்ணாடி அறைக்குப் போய் உட்கார்ந்திருந்தார். கோகிலம் அவருக்கு மோர் கொண்டுவந்தாள். ஒரு லாரி இறங்கிப் போயிருந்தது, அடுத்த லாரி வந்திருக்கவில்லை, மேடை காலியாக இருந்தது, சிவப்பு எழுத்துப் பலகையில் பூஜ்யம். அவள் மேடையைக் குறுக்கே கடந்து வந்தாள், நடுவில் நின்றாள், தலையில் கை வைத்தாள், சொம்பை ஓரமாகப் பத்திரமாக வைத்துவிட்டு மெதுவாக அப்படியே இரும்பில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் சாய்ந்தாள். தனவேலின் கண், பழக்கதோஷம், முதலில் பலகைக்குத்தான் போனது. டன் கணக்கில் சுமக்கிற மேடைக்கு ஒரு பெண்பிள்ளை பெரிய பாரம் இல்லை, ஆனாலும் முன்பெல்லாம் சாப்பாட்டுத் தூக்கோடு அவள் குறுக்கே நடந்தால் அந்தச் சிவப்பு எழுத்து கொஞ்சமாவது அசைந்து கொடுக்கும். அன்று அசையவில்லை. மனைவி மேடைமேல் கிடந்தாள், பலகையில் பூஜ்யம் நின்றது. அப்போதுதான் அந்த மனிதர் அவளை முதன்முதலாகப் பார்த்தார்.

ஓடிப்போய்த் தூக்கினார். ஒரு மூட்டைச் சோளத்தைத் தூக்கிய பழக்கத்தில் முதுகை வளைத்துக் கையைக் கொடுத்தவர், அவள் கனமே இல்லாமல் எழும்பி வந்ததில் தடுமாறிப் பின்னால் போனார். மும்தாஜ் சர்க்கரைத் தண்ணீர் கலந்துகொண்டு ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றினார்கள். டாக்டர் தனவேலைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வயித்துல ஒண்ணுமே இல்ல. வெறும் வயித்துல மாத்திரைய மட்டும் போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. இன்னொரு தடவ இப்படி விழுந்தா நான் பொறுப்பில்ல. வீட்டுல சாப்டியான்னு கேக்க ஆளில்லையா?"

ஊருக்கெல்லாம் சோறு பறக்கிற வீடு ஐயா எங்கள் வீடு என்று தனவேல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாட்டில் இறங்கி முடிந்து, வீட்டுக்கு அழைத்துவந்து, அவளைப் படுக்கவைத்துவிட்டு, மும்தாஜின் கடை வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"அது பசிக்குப் பறக்கலம்மா" என்றார்.

"எதுண்ணே?"

"ரொட்டி. பசிக்குப் பறந்திருந்தா மொதல்ல அவகிட்டதான போயிருக்கணும். பசிக்குதுன்னு வந்து நின்ன அந்தக் கிளீனருகிட்டப் போகலயே. கேட்டதுக்கு ஆச்சுன்னு பொய் சொன்னவங்ககிட்டதான் போயிருக்கு. நான் மூக்குமுட்டத் தின்னுட்டு, புள்ளகிட்ட அம்மாவும் சாப்ட்டாச்சுன்னு பொய் சொன்னேன். அதான் எம் மூஞ்சியில வந்து அடிச்சிருக்கு."

மும்தாஜ் மிஷினை நிறுத்தினாள். "அப்ப அக்காகிட்ட ஏன் போகல?"

"ஆச்சுன்னு சொல்றதுக்கு யாராச்சும் கேக்கணுமே."

எங்கள் தெருவில் எல்லோரையும் சாப்பிட்டாயா என்று கேட்பவள் கோகிலம். கேட்டு, நாங்கள் ஆச்சு என்று சொல்லி, நீங்க என்று திருப்பிக் கேட்க வாயெடுப்பதற்குள் என்ன குழம்பு என்று அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டு நகர்ந்திருப்பாள். சமைக்கிறவள் சாப்பிடாமலா இருப்பாள் என்று நாங்களும் விட்டுவிடுவோம்.

"நாங்களாச்சும் கேக்க வாயெடுத்தோம்ணே" என்றாள் மும்தாஜ், குறையாகச் சொல்லவில்லை, ஆற்றாமையில் சொன்னாள். "நீங்க?"

"கல்யாணமாகி இந்தத் தேதி வரைக்கும் கேட்டதில்ல. கேக்கணும்னே தோணல."

மறுநாள் மதியம் தெரு முழுக்க அந்த அடுப்படி ஜன்னலுக்கு வெளியே நின்றது, வேறு வேலையாக வந்ததுபோல. ஹரிணி வேப்பிலை பறித்துக்கொண்டிருந்தாள், அமிர்தராஜ் காற்று இருந்த டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். தனவேல் முட்டைக்கோஸ் இலையை வெந்நீரில் முக்கி எடுத்தார். தொக்கும் கோழியும் வைத்து, சுட்ட தக்காளித் துவையலை மேலே தடவி, கொத்தமல்லி தூவி மடித்துத் தட்டில் வைத்தார். கோகிலம் அடுப்படிக் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள், என்னைப் போய் உட்கார வைத்துவிட்டாரே என்கிற முகத்தோடு. அவர் அவள் எதிரில் வந்து நின்றார்.

"மாத்திரை போட்டியா?"

"சாப்பாட்டுக்கு அப்புறம்தான போடணும்."

"ம். மழ வரும்போல இருக்கு."

"வெயிலடிக்குது."

ஜன்னலுக்கு வெளியே மும்தாஜ் பல்லைக் கடித்தாள். கேட்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை, எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவனிடம்கூடக் கேட்பது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் கேட்பது. அந்த மனிதருக்கு அது ஒரு லாரி பாரம் கனத்தது. அவர் மெல்லத் தரையில், அவளுக்கு எதிரே, சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"கோகிலம்" என்றார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் அவருக்குப் பழக்கமில்லை. "நீ சாப்டியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ வீட்டு வாசலில், எத்தனையோ பேரிடம் அவள் வீசிவிட்டுப் போன கேள்வி ஒருநாள் திரும்பித் தன் வீட்டுக்குள்ளேயே வந்து தன் முன்னால் உட்காரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. முகம் கோணியது, முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள், கண் நிறைந்து வழிந்தது. ஆனாலும் அவள் எங்கள் ஊர்க்காரிதானே. தரையைப் பார்த்துக்கொண்டு, மிக மரியாதையாக, "ஆச்சு" என்றாள்.

தட்டில் இருந்த இலை அசைந்தது. உப்பாத இலை, பறக்கவே பறக்காது என்று நாங்கள் எழுதிவைத்துவிட்ட இலை, உள்ளே இருந்த பாரத்தோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பியது, முக்கி முனகி விரற்கடை விரற்கடையாக எழும்பி, கொத்தமல்லியை வழியெல்லாம் சிந்திக்கொண்டு, தனவேலின் தோளை உரசிக்கொண்டு போய், அவள் மடியில் விரிந்திருந்த கையில் இறங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கடி கடித்தாள். பசி என்பது என்ன என்று அந்த முதல் வாய்க்குப் பிறகுதான் அவளுக்கே தெரிந்ததுபோல அடுத்த வாயும் அதற்கடுத்த வாயும் வேகமாகப் போயின. பாதிக்கு மேல் தின்ற பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது, பழக்கம் எங்கே போகும்.

"நீங்க சாப்டீங்களா?"

"இல்ல" என்றார் தனவேல். "பசிக்குது."

அடுப்பில் கல் காய்ந்துகொண்டிருந்தது, அதன்மேல் ஒரு சோள ரொட்டி நன்றாக உப்பியிருந்தது. அது எழும்பவில்லை. கல்லிலேயே சாதுவாகக் கிடந்தது. கோகிலம் கையிலிருந்த இலைப் பொட்டலத்தின் மிச்சத்தை இரண்டாகப் பிய்த்து ஒன்றை அவரிடம் நீட்டினாள். இருவரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், துவையல் விரலில் வழிய வழிய, தெருவே பார்க்கிறது என்று தெரிந்தும்.

அந்த இல்ல என்கிற பதில் ஜன்னலைத் தாண்டி எங்கள் காதில் விழுந்ததுதான் எங்கள் தெருவின் போக்கையே மாற்றிவிட்டது. முதலில் அமிர்தராஜ்தான் துணிந்தார். அடுத்த வீட்டில் சாப்டீங்களா சார் என்று கேட்டபோது, இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, "இன்னும் இல்லீங்க" என்றார். கேட்ட அம்மாள் கொஞ்சம் திகைத்துவிட்டு உள்ளே போய் ஒரு தட்டு கொண்டுவந்தாள். பானையில் இருந்தது போதுமா போதாதா என்கிற சங்கடமும் அந்தத் தட்டோடு கூடவே வெளியே வந்தது, வந்தால் என்ன, இருந்ததை இருவரும் தின்றார்கள். பிறகு மும்தாஜ் இல்லக்கா என்றாள். பிறகு ஹரிணி, இல்லம்மா, முட்டை ரொட்டி இருந்தா குடு என்றாள். தெரு இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல ரொட்டிகளுக்கு வேலை குறைந்தது, வாரத்துக்கு ஒன்று பறந்தது, பிறகு அதுவும் இல்லை. வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்கள் ஏமாந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். கோகிலத்தின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. சர்க்கரை இருக்கிறது, அடங்கி இருக்கிறது. போன வாரம் அவள் மோர்ச் சொம்போடு மேடையைக் கடந்தபோது கண்ணாடி அறைக்குள்ளிருந்து தனவேல் கைதட்டினார், பலகையில் சிவப்பு எழுத்து அசைந்ததாம்.

நீங்கள் பெரம்பலூர்ப் பக்கம் வந்தால் எங்கள் தெருவுக்கும் வாருங்கள். நுழைந்ததும் யாராவது சாப்டீங்களா என்று கேட்பார்கள். கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்லுங்கள், தனவேல் வீட்டு அடுப்பில் கல் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.